21 அடி உயர ஹால்: கான்கிரீட் போடுவதற்கு முன் எதையெல்லாம் முடிவு செய்யணும்?

#1 பீளமேட்டுக்காரன்
கோவையில் வீடு கட்டுமானத்தில் இருக்கிறது. ஹால் கிழக்கு மேற்காக 22 அடி, தெற்கு வடக்காக 16 அடி. தரையிலிருந்து மேல் தளத்தின் அடிவரை 21 அடி, டபுள் ஹைட். மேற்குச் சுவரில் 10 அடி அகலத்துக்கு, தரையிலிருந்து 15 அடி உயரம் வரை கண்ணாடி. கிழக்கே முதல் மாடி நடைபாதை. அங்கே நின்றால் ஹால் முழுக்கத் தெரியும். சுவர் 9 அங்குலச் செங்கல், பத்தரை அடியில், கண்ணாடி வரும் இடம் தவிரச் சுற்றிலும் டை பீம் (சுவர்களைப் பிணைக்கும் கான்கிரீட் விட்டம்) ஓடுகிறது. மேல் தளத்துக்கு சென்ட்ரிங் (கான்கிரீட் ஊற்றும் அச்சு) அடித்தாயிற்று. இரண்டு வாரத்தில் கான்கிரீட்.

ஆசைப்பட்டியல்: நடுவில் சரவிளக்கு, தெற்கே டிவி சுவரில் 8 அடி அகலத்துக்கு உச்சிவரை இத்தாலியன் மார்பிள், வடக்கே முழு உயரத்துக்கு ஃப்ளூட்டட் பேனல் (வரிவரியாகப் பள்ளம் உள்ள பலகை), கண்ணாடிக்கு முழு நீளக் கர்ட்டன். ஃபேன் எங்கே மாட்டுவது, ஏசி எத்தனை டன் என்று இன்னும் முடிவாகவில்லை. எதை இப்போதே முடிவு செய்யணும், எதைப் பிறகு பார்த்துக்கலாம்?

#2 கம்பிக்கணக்கு
இப்போதே வேண்டியது கொக்கியும் பைப்பும்தான். மற்றதெல்லாம் சாரம் நிற்கும்போது பார்த்துக்கலாம். ஆனால் சாரம் பிரித்த பிறகு எதுவும் ஆகாது, அதை மனசில் வெச்சுக்கோங்க.

சரவிளக்குக் கொக்கிக்கு மீதியான டிஎம்டி கம்பியை வளைத்து வைப்பார்கள், விடாதீங்க. அதை இறுக்கமாக வளைத்தால் வளைவின் வெளிப்புறத்தில் வெடிப்பு விழும், வெளியே தெரியாது. 16 மி.மீ. மைல்ட் ஸ்டீல் உருட்டுக் கம்பி வாங்கி 'ப' வடிவில் வளைத்து, இரண்டு காலையும் அடிக்கம்பி வலைக்கு மேலே ஏற்றி, பக்கத்துக்கு ஒன்றரை அடி படுக்கவைத்துக் கட்டச் சொல்லுங்க. அடிவலையில் சும்மா மாட்டித் தொங்கவிட்ட கொக்கி கணக்கில் சேராது. வெளியே தெரியும் பகுதிக்குத் துருத்தடுப்பு பெயின்ட் அடிச்சிடுங்க.

கூடவே இரண்டு பைப். ஒன்று விளக்குக்கு: எர்த்தோடு 1.5 சதுர மி.மீ. ஒயர், இரண்டு சுவிட்சில் பாதி பாதி எரியணும்னா அதற்கேற்ப ஒரு ஒயர் கூடுதல். இன்னொன்று இறக்கி ஏற்றும் வின்ச் மோட்டாருக்கு, 2.5 சதுர மி.மீ. இப்போ வின்ச் வாங்காவிட்டாலும் பைப் போடுங்க.

கான்கிரீட்டுக்குப் பிறகுதான் யோசனை வந்தது என்றால் கெமிக்கல் ஆங்கர் (துளையில் பசை செலுத்திப் பதிக்கும் போல்ட்) இருக்கிறது. துளையை ஊதி, பிரஷ் விட்டு, மறுபடி ஊதித் தூசியில்லாமல் ஆக்கினால்தான் பிடிக்கும். தலைக்கு மேலே துளைக்கும்போது இந்த வேலையைத்தான் ஏமாற்றுவார்கள். எந்த வழியானாலும் விளக்கின் எடைபோல் இரண்டு மடங்கு மணல் மூட்டையை ஒரு நாள் தொங்கவிட்டுப் பார்த்த பிறகே மாட்டணும்.

#3 விளக்குக்காரி
அளவு சொல்கிறேன். ஹாலின் நீள அகலத்தை அடியில் கூட்டினால் வருவது அங்குலத்தில் விளக்கின் விட்டம்: 22 + 16 = 38. உயரத்துக்கு, ஒரு அடிக்கு இரண்டரை முதல் மூன்று அங்குலம்; 21 அடிக்கு நாலே கால் அடிக்குச் சற்று மேலிருந்து ஐந்தே கால் அடி வரை. ஆக 38 முதல் 42 அங்குல விட்டம், ஐந்தடி நீளம், இரண்டு மூன்று அடுக்கு. கடையில் விரித்து வைத்திருக்கும் 60 அங்குல ஒற்றை வளையத்தை எடுத்தால் மேலே குடை விரித்த மாதிரி இருக்கும்.

விளக்கின் அடி 11 அடியில் இருக்கட்டும். அதற்கும் மேலே போனால் சோபாவில் உட்கார்ந்தவருக்கு விளக்கு தனி, அறை தனி. கீழே வந்தால் மாடி நடைபாதையிலிருந்து விளக்கின் தலைமேல் பார்வை விழும்: ஒயர், நட்டு, தூசி எல்லாம். உங்க வீட்டில் மாடியிலிருந்து பார்க்கிறவர்கள்தான் அதிகம். வாங்கும்போது கடைக்காரரிடம் விளக்கைக் கீழே இறக்கச் சொல்லி மேலிருந்து பாருங்க. யாரும் பார்க்க மாட்டார்கள்.

இன்னொன்று: வெளிச்சத்துக்குச் சரவிளக்கை நம்பாதீங்க. அது நகை. வெளிச்சம் வேறு இடத்திலிருந்து வரணும்.

சீலிங்கில் வழக்கமான 12 வாட் அகல டவுன்லைட்டை வரிசையாகப் பதித்தால் பாதி வெளிச்சம் சுவரின் மேல்பாதிக்கே போய்விடும். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் காலாகும்: 3 மீட்டரில் 110 லக்ஸ் தரும் விளக்கு 6 மீட்டரில் 28தான். குறுகிய கதிர் எடுங்க. 24 டிகிரி கதிர் 6 மீட்டரில் இரண்டரை மீட்டர் வட்டமாக விழும், 36 டிகிரி கிட்டத்தட்ட நாலு மீட்டர். சோபா மேலே 24, நடைவழிக்கு 36. நிறம் 3000 கெல்வின், சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் அளவு) 90க்குக் குறையாமல். டிரைவரை (எல்இடிக்கேற்ப மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி) ஃபால்ஸ் சீலிங்குக்குள் போடவே கூடாது. எல்இடிக்கு முன்னால் டிரைவர்தான் போகும்; அதை மாற்ற 20 அடி ஏற முடியாது. கான்ஸ்டன்ட் கரன்ட் டிரைவர்களை மாடி நடைபாதை லாஃப்டில் ஒரு பெட்டியில் வையுங்க. அதற்கும் பைப் இப்பவே.

#4 குளிர்காற்று
டன் கணக்குக்கு முன் அந்த மேற்குக் கண்ணாடி.

10 × 15 அடி என்றால் 13.9 சதுர மீட்டர். சாயங்காலம் நாலு மணி வெயில் நேராக விழும்போது சதுர மீட்டருக்கு 600 வாட் என்று வைத்துக்கொள்வோம். சாதா 6 மி.மீ. கண்ணாடி அதில் 80 சதவீதத்தை உள்ளே விடும்: 6.7 கிலோவாட். ஒரு டன் என்பது மூன்றரை கிலோவாட். அதாவது கண்ணாடிக்கு மட்டுமே கிட்டத்தட்ட இரண்டு டன். வெப்பக் கெழு 0.27 உள்ள, அதாவது வெயில் சூட்டில் 27 சதவீதத்தை மட்டும் உள்ளே விடும் லோ-இ (சூட்டைத் தடுக்கும் பூச்சுள்ள) இரட்டைக் கண்ணாடி போட்டால் 2.25 கிலோவாட், முக்கால் டன்னுக்கும் குறைவு.

மேற்கே சன்ஷேட் உதவாது. வெயில் தாழ்ந்து வரும், ஷேடுக்கு அடியில் நுழைந்துவிடும். வெளியே செங்குத்துப் பட்டைகளோ வெளிப்புற ரோலரோ போடுங்க. உள்ளே தொங்கும் கர்ட்டன் வெளிச்சத்தைத் தடுக்கும். சூடு கண்ணாடியைத் தாண்டி வந்தாச்சே, அதை என்ன செய்யும்?

ஏசியைப் பொறுத்தவரை 21 அடியையும் குளிர்விக்க வேண்டியதில்லை. சுடுகாற்று மேலே நிற்கட்டும், மனிதன் இருக்கும் எட்டு ஒன்பது அடி குளிர்ந்தால் போதும். மாடி நடைபாதைக்கு அடியில் ஃபால்ஸ் சீலிங் வரும் அல்லவா, அதற்குள் டக்டட் யூனிட் (குழாய் வழியே காற்று விடும் ஏசி). கிரில் 9 அடி உயரத்தில், மேற்கு நோக்கி. எதிர்ச்சுவர் 22 அடி தள்ளி இருக்கிறது, அதற்கேற்ற வீச்சுள்ள கிரில் கேளுங்க. வீச்சு போதாவிட்டால் குளிர்காற்று பாதி வழியில் சோபாக்காரர் தலையில் கொட்டும். ரிட்டர்ன் கிரில் (அறைக் காற்றை ஏசிக்குத் திரும்ப இழுக்கும் வாய்) தரையோரம். ரிட்டர்னை மேலே வைப்பதுதான் இந்த மாதிரி ஹாலில் நடக்கும் பெரிய தப்பு. மேலே நிற்கும் சூட்டையெல்லாம் இழுத்துக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும், கரன்ட் பில் ஏறும், கீழே குளிராது.

நல்ல கண்ணாடி போட்டால் 3 டன் பக்கம் வரும். சாதா கண்ணாடியென்றால் நாலரையும் திணறும். முறையான வெப்பச் சுமைக் கணக்கு எழுத்தில் வாங்கிக்கோங்க. 'நூறு சதுர அடிக்கு ஒரு டன்' என்பது பத்தடி உயர அறைக்குச் சொன்னது.

#5 பீளமேட்டுக்காரன்
கிழக்குச் சுவரின் உச்சியில் வென்டிலேட்டர் வைக்கலாமா? சுவர் இன்னும் எழும்பவில்லை. அப்புறம் ஃபேன்?

#6 குளிர்காற்று
கட்டாயம் வைங்க. ஆனால் கிழக்கே மட்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்துதான் வீசும். மேற்கு உச்சியில் திறப்பு வைத்தால் தூசியும் சாரலும் உள்ளே கொட்டும். சரவிளக்கின் பளிங்கு மணிகள் ராத்திரி முழுக்கக் கச்சேரி நடத்தும். கிழக்கே வைத்தால் அது காற்றின் மறைவுப் பக்கம், சூட்டை உறிஞ்சி வெளியேற்றும். கீழே மேற்கு ஜன்னலில் ஒரு பங்கு திறந்தால் போதும். மோட்டார் வைத்த திறப்பு, உள்பக்கம் கழற்றிக் கழுவும் கொசுவலை. ஏசி ஓடும்போது மூடிவிடணும்.

ஃபேன் இறக்கை தரையிலிருந்து 9, 10 அடியில் சுற்றினால்தான் உடம்பில் காற்று படும். 21 அடியிலிருந்து 11 அடி நீளத் தண்டு விட்டால் ஆடும்.

#7 தச்சுப்பட்டறை
ஆடாம இருக்க மூணு பக்கம் ஸ்டே ஒயர் இழுத்துக் கட்டலாம்ங்க, ஆனா கண்றாவியா இருக்கும். அதுக்குப் பதிலா பாலம் போடுங்க.

பத்தரை அடியில டை பீம் ஓடுதுன்னு சொன்னீங்க. தெக்கு வடக்கா 16 அடிக்கு இரண்டு பெட்டிக் குழாய், 100 × 50 × 3 மி.மீ., உயரவாக்கில நிறுத்தி, இரண்டு முனையிலும் 10 மி.மீ. தகடு வெல்டு பண்ணி, டை பீமுக்குள்ள நாலு நாலு ஆங்கர். செங்கல்லுல ஆங்கர் அடிக்கக் கூடாது. மேலே தேக்கு வெனியர் ஒட்டின பிளைவுட் பெட்டி சுத்திக்கலாம், ஒயர் அதுக்குள்ளேயே போயிடும். ஒரு பாலம் கிழக்குச் சுவத்துலேருந்து அஞ்சரை அடி, இன்னொண்ணு மேற்குச் சுவத்துலேருந்து அஞ்சரை அடி. நடுவில 11 அடி இடைவெளி, அங்கே சரவிளக்கு தாராளமா இறங்கும். பாலத்துக்கு ஒண்ணா இரண்டு பிஎல்டிசி ஃபேன் (கரன்ட் கம்மியா இழுக்குற வகை), சின்னத் தண்டு, இறக்கை பத்தடிக்கு வந்துரும்.

#8 விளக்குக்காரி
இதில் எனக்கு ஒப்பில்லை. 21 அடி உயரம் கட்டிவிட்டுப் பத்தடியில் இரண்டு கட்டையைக் குறுக்கே போட்டால் எதற்கு அந்த உயரம்?

#9 கம்பிக்கணக்கு
தாங்குமா என்று மட்டும் சொல்கிறேன்: அந்தக் குழாயின் சொந்த எடை 33 கிலோ, ஃபேன் முதலானவை 20 கிலோ என்று வைத்தால் நடுவில் மிஞ்சிப்போனால் நாலைந்து மில்லிமீட்டர்தான் தொய்யும். தச்சுப் பெட்டியைச் சேர்த்தாலும் பயமில்லை. அழகு எப்படி என்பதை உங்க இரண்டு பேரும் பேசிக்கோங்க.

#10 தச்சுப்பட்டறை
மேடம், உசரம் தெரியணும்னாலே கண்ணுக்கு ஒரு அளவுகோல் வேணும். ஒண்ணுமே இல்லாத 21 அடிச் சுவரைப் பார்த்தா கல்யாண மண்டபம் மாதிரிதான் இருக்கும். பாலத்தோட அடி, மாடி நடைபாதை ஸ்லாபோட அடி, இரண்டும் ஒரே மட்டத்துல வந்தா அந்தக் கோடு அறையைச் சுத்தி ஓடும். அதுக்குக் கீழே வீடு, மேலே வானம். நீங்க சொன்ன குறுகின கதிர் லைட்டையும் பாலத்துல மாட்டுனா 20 அடி ஏறவே வேண்டாமே.

#11 விளக்குக்காரி
கடைசி வரிக்கு மட்டும் தோற்கிறேன். லைட்டைப் பாலத்தில் வைத்தால் வாட்டும் பாதியாகும், கழற்றுவதும் எளிது. ஆனால் ஃபேன் இறக்கைக்கு மேலே எந்த லைட்டும் நேராக வரக்கூடாது. இறக்கை வெட்டி வெட்டி அறை முழுக்க நிழல் துடிக்கும், தலைவலி வந்துவிடும். இறக்கை நுனியிலிருந்து ஓரடியாவது தள்ளி, பாலத்தின் அடிப்பக்கத்தில் பதியுங்க. பாலத்தின் மேல்பக்கத்தில் சீலிங் நோக்கி ஒரு எல்இடி பட்டை. அந்த மேல்பக்கத்தில் தூசி சேருமே என்றால், ஆமாம் சேரும்; கூரை மாதிரி சரிவாக மூடச் சொல்லுங்க.

#12 ஒலியளவு
எதிரொலியைப் பற்றி யாரும் பேசவில்லை. குடிபோன அன்று முதலில் காதில் விழப்போவது அதுதான்.

கனஅளவு 209 கனமீட்டர். சுவர், தரை, சீலிங் எல்லாம் சேர்ந்து 214 சதுர மீட்டர். பூச்சு, கல், கண்ணாடி எல்லாம் ஒலியை 3 சதவீதம்தான் உறிஞ்சும். ஆக உறிஞ்சுதல் 6.4. எதிரொலி எத்தனை வினாடி நீடிக்கும் என்று சொல்லும் செபைன் சூத்திரப்படி 0.161 × 209 ÷ 6.4 = ஐந்து வினாடிக்கு மேல். ஒரு சொல் சொன்னால் ஐந்து வினாடி அறைக்குள் சுற்றும். கோயில் மண்டபத்துக்கு அது அழகு; டிவி செய்தி புரியாது, சமையலறையிலிருந்து கூப்பிட்டால் சத்தம் வரும், சொல் வராது. வசிக்கும் ஹாலுக்கு ஒரு வினாடிதான் குறி. அதற்கு உறிஞ்சுதல் 34 வேண்டும்.

8 × 10 அடி தடிக் கம்பளம் இரண்டரை தரும். துணி சோபா இரண்டு, ஆட்களோடு நாலு நாலரை. கர்ட்டன் மூடியிருந்தால் எட்டு, திறந்தால் பெரும்பகுதி போய்விடும், ஐந்து என்று வைங்க. ஏற்கெனவே உள்ள 6.4-ஐயும் சேர்த்துக் கூட்டினால் 18 சொச்சம். மீதி பதினாறை எங்கே எடுப்பது? சீலிங்கில். 12.5 மி.மீ. துளையிட்ட ஜிப்சம் போர்டு, அதற்குமேல் 50 மி.மீ. ராக்வூல் (பாறையை உருக்கி இழைத்த பஞ்சு), தளத்துக்கும் போர்டுக்கும் 20 செ.மீ. இடைவெளி, சுமார் 65 சதவீதம் உறிஞ்சும். 24, 25 சதுர மீட்டர் போட்டால் கணக்கு முடிந்தது. போர்டுக்கு மேல்பக்கம் கறுப்புத் துணி மெல்லிசாக ஒட்டி வரும்; அதை விட்டுவிட்டால் துளை வழியே ராக்வூல் தூள் கொட்டும். பெயின்டை ரோலரில் மெல்லிசாக அடிக்கணும். ஸ்பிரே அடித்துத் துளையை அடைத்துவிட்டால் அது சாதா போர்டுதான்.

ஃப்ளூட்டட் பேனல் சத்தத்தைக் குறைக்கும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். பிவிசி, டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது) எதுவும் உறிஞ்சாது. ஃபெல்ட் முதுகு வைத்த மரப்பட்டைப் பேனல் உறிஞ்சும், அதுவும் சுவரோடு ஒட்டினால் குறைவு. 50 மி.மீ. ரீப்பர் அடித்து நடுவில் ராக்வூல் வைத்தால்தான் பலன். வடக்கும் தெற்கும் எதிரெதிர்ச் சுவர்கள். வடக்கில் 4 அடியிலிருந்து 10 அடி உயரத்துக்குள் அதைப் போட்டால் கைதட்டினால் கேட்கும் 'டுர்ர்' என்ற அதிர்வும் போகும்.

#13 தச்சுப்பட்டறை
இதோட சேர்த்து: ஃப்ளூட்டட் பேனல் ஒம்பதரை அடி நீளம்தான் சாதாரணமா வரும். 21 அடிக்குப் போனா இரண்டு ஜாயிண்டு, அதுவும் ஒம்பதரையிலயும் பத்தொம்பதுலயும், உங்க பத்தரை அடிக் கோட்டோட சேரவே சேராது. அடியில ஓரடிக்கு ஸ்கர்டிங்கோ தாழ்வான கன்சோலோ வெச்சு அங்கேருந்து ஆரம்பிச்சா சரியா பத்தரையில முடியும். அதோட நிறுத்திக்கோங்க. பட்டை நெடுக்கா இருக்கணும். குறுக்கா போட்டா ஒவ்வொண்ணும் ஒட்டடைக்கு ஒரு திண்ணை.

#14 காரைவீடு
மார்பிள் விஷயத்துக்கு வருகிறேன். 8 × 21 அடி என்றால் 15.6 சதுர மீட்டர். 18 மி.மீ. மார்பிள் சதுர மீட்டருக்கு 48 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. மொத்தம் 760 கிலோ. பத்தடிக்கு மேலே இதை வெறும் பசையில் ஒட்டுவது ஆபத்து. ஒவ்வொரு பலகைக்கும் ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் வேண்டும். தவிர, பலகை ஒன்பது அடி நீளத்துக்குத்தான் பெரும்பாலும் கிடைக்கும். மூன்று வரிசை வரும், ரேகை பொருந்திக்கொண்டே போகாது. கீழே பத்தரை அடி வரை மார்பிள் போதும்.

அதற்கு மேலே சுண்ணாம்புப் பூச்சு பாருங்க. செட்டிநாட்டு வீடுகளில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சு இன்றைக்கும் கண்ணாடிபோல நிற்கிறது. ஒரு எச்சரிக்கை: சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது, பிளாஸ்டிக் படலத்தில் அது ஊன்ற வழியில்லை, ஏடு ஏடாக உரியும். அந்தப் பகுதியில் பட்டி பார்க்கவே கூடாது, பூச்சைச் சொரசொரப்பாக விடணும். இதைக் கொத்தனாரிடம் முதல் நாளே சொல்லி, சுவரில் சாக்பீஸால் கட்டம் போட்டு வையுங்க.

தரைக்கு ஆத்தங்குடிக் கல் (செட்டிநாட்டுக் கைவேலை சிமென்ட் டைல்) யோசித்தால்: 10 அங்குலக் கல் 507 வரும், வெட்டுக்கும் உடைசலுக்கும் சேர்த்து 545 வாங்குங்க. நிறப் படலம் மேலே மெல்லிசு. மெஷின் பாலிஷ் போட்டால் பூ வேலைப்பாடு தேய்ந்துவிடும், ஆசிட் கழுவல் அறவே கூடாது. தேங்காயெண்ணெய் தொட்டு நடக்க நடக்கத்தான் மெருகு ஏறும்.

#15 விளக்குக்காரி
மேல்சுவருக்கு லைட் போடுகிறவர்கள் கவனிக்க: சுவரிலிருந்து ஆறு எட்டு அங்குலத்தில் வைத்தால் வெளிச்சம் சுவரைத் தேய்த்துக்கொண்டு இறங்கும். சுண்ணாம்புப் பூச்சுக்கு அது அழகு. சாதா பட்டிச் சுவரில் மேடு பள்ளம் ஒவ்வொன்றும் காட்டிக்கொடுத்துவிடும். அங்கே மூன்றடி தள்ளி வைங்க.

#16 திரைநூல்
கர்ட்டன் கணக்கு. டிராக்கை இரண்டு பக்கமும் ஓரடி நீட்டி 12 அடி வைங்க, அப்போதுதான் திறக்கும்போது துணி சுவர்மேல் ஒதுங்கும். இறக்கம் பதினைந்தரை அடி. 54 அங்குலத் துணியில் பக்கத்துக்கு மூன்று அகலம், மொத்தம் ஆறு. மடிப்புக்கு ஓரடி சேர்த்து 30 மீட்டருக்குச் சற்று மேலே. டிசைன் பொருத்தணும் என்றால் இன்னும் கூடும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) துணி, பிளாக்அவுட் லைனிங்கோடு 21 கிலோ தொங்கும். மோட்டார் 45 கிலோவுக்குக் குறையாமல், கரன்ட் இல்லாதபோது கையால் இழுத்தாலும் நகரும் வகை. டிராக்கின் ஒரு முனையில் 5 ஆம்ப் பாயின்ட், 16 அடி உயரத்தில்; இதை மறந்துவிட்டுக் கடைசியில் சுவர்மேல் கேசிங் (ஒயரை மூடும் பிளாஸ்டிக் பட்டை) ஓட்டுவார்கள்.

சுத்தப் பருத்தி வேண்டாம். மூன்று சதவீதம் சுருங்கினால்கூட இந்த நீளத்துக்கு ஐந்தரை அங்குலம் மேலே ஏறிவிடும். பாலியஸ்டர் கலந்தது எடுங்க.

#17 கம்பிக்கணக்கு
கண்ணாடிக்கு ஒரு வரி. வெறும் டஃபன்டு (சூடேற்றி வலுவாக்கிய கண்ணாடி) போட்டு நிறுத்திக்காதீங்க. அதற்குள் நிக்கல் சல்பைடு துகள் இருந்தால் பல மாதம் கழித்துத் தானாக உடையலாம், 15 அடியிலிருந்து குவியலாகக் கொட்டும். உள்பக்கக் கண்ணாடி லேமினேட்டடாக (இரண்டு கண்ணாடிக்கு நடுவில் படலம் வைத்து ஒட்டியது) இருக்கணும்: 5 + 5 மி.மீ., நடுவில் 1.52 மி.மீ. படலம். வெளியே 6 மி.மீ. லோ-இ. 5 × 7½ அடியாக நாலு துண்டு. ஒவ்வொன்றும் 145 கிலோ பக்கம் வரும், ஃபிரேம் போடுகிறவரிடம் இந்த எடையைச் சொல்லிவிடுங்க. மாடிக் கைப்பிடிக் கண்ணாடியும் லேமினேட்டட்தான், உயரம் மூன்றரை அடி.

#18 பீளமேட்டுக்காரன்
எல்லாருக்கும் நன்றி. மார்பிளும் பேனலும் பத்தரையோடு நிறுத்தியாச்சு, பாலம் போடுகிறோம். கொக்கி எங்கே வரணும்? நாலு மூலைக்கும் கயிறு பிடித்து நடுவைக் குறித்தால் போதுமா?

#19 கம்பிக்கணக்கு
செங்கலிலிருந்து செங்கலுக்குப் பிடித்தால் தவறும். தெற்கே மார்பிளும் கிளாம்பும் சேர்ந்து மூன்று அங்குலம் உள்ளே வரும், வடக்கே பேனல் இரண்டரை. முடிந்த பரப்பிலிருந்து அளந்து, பாலங்கள் இரண்டுக்கும் சரிநடுவில் குறிங்க. சென்ட்ரிங் ஷீட்டில் அந்த இடத்தில் துளை போட்டு, கொக்கியின் தலையை அதன் வழியே கீழே விட்டு, அடியில் ஒரு மரத்துண்டு வைத்துக் கட்டுக்கம்பியால் முறுக்கச் சொல்லுங்க. இல்லாவிட்டால் வைப்ரேட்டர் ஊசி பட்டு நகர்ந்துவிடும். பைப் வாயில் துணி அடைத்து டேப் சுற்றணும். லாரி வருவதற்கு அரை மணி முன்னால் மேலே ஏறி, கொக்கியைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்க.